வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பும்போது

கேள்வி: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவர் ஒன்றின் பிழையைத் திருத்தி, அந்த மாற்றத்தைக் காட்டும் பேட்சை ஜிமெயிலில் ஒட்டி அனுப்பினேன். 'பொருந்தவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: நிரலைச் சந்தேகப்பட வேண்டாம், ஒட்டியதுதான் கெடுத்தது. கெர்னல் நிரலில் உள்தள்ளல் டேப்பில் இருக்கும், ஒரு டேப்புக்கு 8 எழுத்து அகலம். பிரவுசரில் திறக்கும் ஜிமெயில், டேப்பை ஸ்பேஸாக்கிவிடும். 78 எழுத்தைத் தாண்டிய வரியை மடக்கியும் விடும். அப்புறம் மூலக் கோப்போடு எப்படிப் பொருந்தும்? நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் 'கிட் ஃபார்மட்-பேட்ச்' கட்டளை கொண்டு கோப்பை உருவாக்கி, 'கிட் சென்ட்-இமெயில்' வழியாக அனுப்புங்கள். முதலில் உங்கள் முகவரிக்கே ஒன்று அனுப்பி, வந்ததை 'கிட் ஏஎம்' மூலம் பொருத்திப் பார்த்துவிடுங்கள். எச்டிஎம்எல் மடல், இணைப்புக் கோப்பு இரண்டும் கூடாது.

அனுப்பும் முன், எழுத்து நடைக் குறைகளைக் காட்டும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அது பழைய வரிகளில் காட்டும் குறைகளையும் சேர்த்துத் திருத்தக் கை பரபரக்கும், வேண்டாம். ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான். பின்னாளில் 'கிட் பைசெக்ட்' போட்டு, எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடுபவர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெர்னல் கம்பைல் ஆக வேண்டும்.

கேள்வி: யாருக்கு அனுப்புவது? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கேவா?

பதில்: இல்லை. 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டிடம் பேட்சைக் கொடுத்தால் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் யார் என்று சொல்லும்.

கேள்வி: 'சைன்டு-ஆஃப்-பை' வரி எதற்கு?

பதில்: இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது, 2004இல் வந்த நடைமுறை. மாற்றத்தைப் பதியும் 'கிட் கமிட்' கட்டளையோடு '-எஸ்' சேர்த்தால் தானே விழும். அலுவலக நேரத்தில் எழுதியதென்றால் முதலில் நிறுவனத்தின் அனுமதியைப் பெறுங்கள். சரிபார்த்தேன் என்று சொல்லும் 'ரிவ்யூடு-பை' வரி அப்படியல்ல. பேட்சைச் சரிபார்த்தவர்தான் அதைத் தர வேண்டும், நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி: நான்கு நாளாகப் பதிலே இல்லை. மறுபடி அனுப்பலாமா?

பதில்: ஒரு வாரமாவது பொறுங்கள். கெர்னலின் புதிய பதிப்பு வெளியானதும், அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ தொடங்கி இரண்டு வாரம் நீடிக்கும். அப்போது பராமரிப்பாளர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. திருத்தம் கேட்டால் '-வி2' (இரண்டாம் பதிப்பு) என்ற தெரிவோடு பேட்சைப் புதிதாக உருவாக்குங்கள். முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை பேட்சில் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது கமிட் வரலாற்றில் சேராது. சொன்ன திருத்தம் ஏதாவது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் காரணத்தைப் பதில் மடலில் சொல்லிவிடுங்கள். அதைக் கண்டுகொள்ளாமல் வி2 அனுப்பினால் வி3-ஐப் படிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.