மேட்டில் ‘டக டக’ சத்தம்: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகுமா?

கேள்வி: என்னிடம் 2019 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கியரில் இன்ஜினிலிருந்து ‘டக டக’ என்று சத்தம் வருகிறது. 95 ஆக்டேன் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார் பங்க் ஊழியர். நண்பரோ 100 ஆக்டேனே போடச் சொல்கிறார். எதைப் போடட்டும்? (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் காருக்கு 100 ஆக்டேன் தேவையில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் சக்தியும் கூடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை இன்ஜினில் ஓட்டி ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள்.

எத்தனாலைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். அதன் ஆக்டேன் எண் 108க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபோது ஆக்டேன் ஏறியது, மைலேஜ் கொஞ்சம் இறங்கியது.

சரி, சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது? ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவுகிறது. அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல், காற்றுக் கலவை நசுங்கிச் சூடேறுகிறது. ஒரு கட்டத்தில் தீ வருவதற்கு முன்பே அது தானாக வெடித்துவிடும். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரிலும் பிஸ்டனிலும் மோதுவதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். நாள்பட விட்டால் பிஸ்டன் உடையும் அளவுக்குப் போகும்.

இப்போதைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கும். அதிர்வு தெரிந்த உடனே இசியு எனப்படும் இன்ஜினின் கணினி, பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். சத்தம் அடங்கும், இழுவையும் கூடவே குறையும். கம்ப்ரஷன் ரேஷியோ (கலவையை நசுக்கும் அளவு) அதிகமுள்ள இன்ஜினுக்கோ டர்போ இன்ஜினுக்கோ உயர் ஆக்டேன் உதவுவது இதனால்தான். பெட்ரோல் தாக்குப்பிடிப்பதால் பொறியைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் இருக்காது. இன்ஜின் தன் முழு இழுவையையும் கொடுக்கும். சாதாரண பெட்ரோலுக்கென்றே டியூன் செய்த உங்கள் 1.2 லிட்டர் இன்ஜினில் மீட்டெடுக்க அப்படி எதுவும் பெரிதாக இல்லை. மே மாத வெயிலில், ஏசி ஓட, ஐந்து பேரோடு மலை ஏறும்போது ஒரு சிறு வித்தியாசம் தெரியலாம். சேலம் நகருக்குள் ஓட்டும்போது தெரியாது.

இன்னொரு விஷயம். முன்பு 88 ஆக்டேனாக இருந்த சாதாரண பெட்ரோல் பிறகு 91க்கு உயர்ந்தது. 20 சதவீத எத்தனால் கலப்பில் அது 95ஐத் தொட்டுவிட்டதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. அப்படியிருக்க, 95 என்ற எண்ணுக்காக மட்டும் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. 95 போன்ற பிரீமியம் பெட்ரோலில் சேர்க்கும் கிளீனிங் அடிட்டிவ்கள் இன்ஜெக்டருக்கு நல்லதுதான். அதற்காக எப்போதாவது ஒரு டேங்க் போட்டால் தவறில்லை. 100 ஆக்டேனின் விலை லிட்டருக்கு இன்னும் நிறையவே அதிகம். டேங்க் நிரப்பும்போது அது பெரிய தொகையாகிவிடும். மேனுவலில் 95க்கு மேல் கேட்கும் இறக்குமதிக் கார்களுக்கும் சூப்பர் பைக்குகளுக்கும் அது நியாயமான செலவு.

உங்கள் காருக்கு எது என்பதை ஓனர்ஸ் மேனுவலும் பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரும் சொல்லும். அங்கே ‘குறைந்தபட்சம் 91’ என்று இருந்தால் அதுவே போதும். (அமெரிக்க வீடியோக்களில் 87 என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். அவர்கள் கணக்கிடும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் 91க்கு நெருக்கம்.)

இனி சத்தத்துக்கு வருவோம். முதலில் கியரைக் கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பி, 25, 30 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எந்தச் சின்ன இன்ஜினும் முனகும். நாக்கிங் வர மிகத் தோதான நிலை அதுதான். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கி, 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஏறிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

கியரை இறக்கியும் சத்தம் வந்தால், மிதிப்பதை லேசாகத் தளர்த்துங்கள். உடனே நின்றால் நாக்கிங். காரை நிறுத்தி நியூட்ரலில் வைத்தபோதும் கேட்டால் அது வேறு: வால்வுகளை இயக்கும் டேப்பெட், டைமிங் செயின், அல்லது சைலன்சர் பக்கம் லூசான தகடாக இருக்கலாம். நாக்கிங்தான் என்றால் ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். 60,000 கி.மீ.யில் மாற்றவே இல்லை என்றால், மேனுவல் சொல்லும் அதே நம்பர் பிளக்கை நான்கிலும் போடச் சொல்லுங்கள்; கடையில் கிடைத்த ‘அதே மாதிரி’ பிளக் வேண்டாம். அடுத்து கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன். அதற்கப்புறம் கார்பன் படிவு. தினமும் இரண்டு, மூன்று கி.மீ. மட்டுமே ஓடும் காரில் பிஸ்டன் தலையில் கார்பன் ஏறி, கம்ப்ரஷனே கூடிவிடும்.

95 உண்மையில் உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. காரின் கணினி தரும் எண்களைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனில் ‘டைமிங் அட்வான்ஸ்’ என்ற எண்ணைத் திறந்து வையுங்கள்; பொறி எவ்வளவு முன்கூட்டி விடப்படுகிறது என்பதை அது காட்டும், பொறியைத் தள்ளிப்போட்டால் இறங்கும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதைக் குறிக்கச் சொல்லுங்கள்; ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. டேங்க் ரிசர்வுக்கு வந்த பிறகு பெட்ரோலை மாற்றி, அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே வேகத்தில், வெயிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நேரத்தில் மறுபடி பாருங்கள். இரண்டு பெட்ரோலுக்கும் எண் ஒன்றாகவே இருந்தால் சாதாரண பெட்ரோலையே போடுங்கள். சாதாரண பெட்ரோலில் மட்டும் எண் நன்றாக இறங்கினால், அந்தக் குறிப்பை சர்வீஸ் சென்டரில் காட்டி, நாக் சென்சாரையும் அதன் வயரிங்கையும் சோதித்து, கார்பன் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை மலைப் பயணத்துக்கு மட்டும் 95 போட்டுக்கொள்ளலாம்.