லினக்ஸ் கணினியின் சூட்டைச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் படிப்பது எப்படி? சிங்கப்பூர் வெக்கைக்கு எத்தனை டிகிரி வரை பயப்படாமல் இருக்கலாம்?

படிப்பது சுலபம். படித்த எண் எந்த சென்சாருடையது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மினி பிசி இரவு பகலாக ஓடுகிறது. வேறு இடம் இல்லாமல் பாம் ஷெல்டருக்குள், அரிசி மூட்டைக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்திருந்தேன். நாலு பக்கமும் கான்கிரீட், கனத்த இரும்புக் கதவு. கேபிள் நுழையும் அளவுக்குத்தான் கதவு திறந்திருக்கும். பழைய குடும்ப வீடியோக்களைச் சுருக்கும் வேலையை அதில் ஒரு வாரம் ஓடவிட்டேன். சிபியு சூட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். பதிவைத் திறந்து பார்த்தபோதெல்லாம் 27.8, 27.8, 27.8. சந்தோஷமாக மூடிவிட்டேன்.

அரிசி எடுக்கப் போன அம்மாதான், "உள்ள அடுப்பு மூட்டுன மாதிரி அனலா அடிக்குதுப்பா, அந்தப் பெட்டியத் தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன், கை வைக்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 34 காட்டியது. அறையே 34 என்றால் அதற்குள் மூச்சுமுட்ட ஓடும் சிபியு எப்படி 27.8 ஆகும்? விசிறி வைத்த எந்தப் பெட்டியும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராது.

லினக்ஸில் "சிஸ்" ஃபோல்டர், அதற்குள் "கிளாஸ்", அதற்குள் "எச்டபிள்யூமான்" என்று போனால், சென்சார் டிரைவர் ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று எண்ணிட்ட ஃபோல்டர் இருக்கும். அதில் "டெம்ப்1 இன்புட்" என்ற கோப்பைத் திறந்தால் 47000 மாதிரி ஓர் எண் வரும். ஆயிரத்தால் வகுத்தால் 47 டிகிரி செல்சியஸ். படிக்க ரூட் (நிர்வாகி) அனுமதிகூட வேண்டாம். நான் ஃபோல்டர் எண்ணை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதிவிட்டேன். அது நிலையான எண் இல்லை, டிரைவர்கள் ஏறும் வரிசைப்படி மாறும். ஒரு கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு ரீஸ்டார்ட் ஆனபோது, சிபியு இருந்த இடத்தில் ஏசிபிஐ (மதர்போர்டு தன் தகவலை லினக்ஸுக்குச் சொல்லும் வழி) வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த 27.8 எங்கிருந்து வந்தது என்று தேடியதில் ஒரு விஷயம் புரிந்தது. ஏசிபிஐ வெப்பத்தைக் கெல்வினில், பத்தால் பெருக்கிச் சொல்லும். 3010 என்று அது சொன்னால், 2732-ஐக் கழித்து 278, அதாவது 27.8. பல மதர்போர்டுகளில் இது அளந்த எண்ணே இல்லை, ஃபர்ம்வேரில் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) எழுதி வைத்த மாறாத எண். நாள் முழுக்க ஒரே எண்ணைக் காட்டும் சென்சாரை நம்பாதீர்கள்.

இப்போது என் ஸ்கிரிப்ட் எல்லா ஃபோல்டரையும் சுற்றி வந்து, முதலில் "நேம்" என்ற கோப்பைப் படிக்கிறது. இன்டெல் என்றால் அதில் "கோர்டெம்ப்" என்றிருக்கும், ஏஎம்டி என்றால் "கே10டெம்ப்". அந்தப் பெயர் இருந்தால்தான் மேலே போகும், இல்லாவிட்டால் பிழை என்று எழுதி நிற்கும். பக்கத்தில் "லேபிள்" கோப்பு இருந்தால் அதையும் சேர்த்துப் பதியுங்கள், எந்தக் கோர் என்று தெரியும். சிபியு சூடு ஒரு நொடியில் பத்து டிகிரிகூட எகிறும். அதனால் ஒரு நொடி இடைவெளியில் பத்து முறை படித்து, நடுமதிப்பையும் உச்சத்தையும் எழுதுகிறேன். எல்லாம் சேர்ந்து இருபது வரிக்குள் அடங்கும். க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டுவிட்டால் தானாக ஓடும். (விண்டோஸில் இப்படிக் கோப்பைத் திறந்து படிக்க வழியில்லை. லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டரைப் பயன்படுத்துங்கள்.)

எத்தனை டிகிரி வரை சரி? இன்டெல்லில் "டெம்ப்1 கிரிட்" என்ற கோப்பைப் பாருங்கள், சிபியுவின் உச்ச எல்லை அதில் இருக்கும். என்னுடையதில் 100000, அதாவது 100 டிகிரி. இன்டெல் சென்சார் உண்மையில் அளப்பதே இந்த எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைத்தான். அதனால் சூடு ஏற ஏறக் கணக்கு துல்லியமாகும், குளிர்ந்திருக்கும்போது சில டிகிரி பிசகும். எல்லையைத் தொட்டால் உடனே கருகிவிடாது, சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. நீண்ட வேலையில் எல்லைக்கு 15 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் சிபியுவும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் சோதித்து 70 என்று யாராவது எழுதியிருந்தால், மத்தியானம் 32 டிகிரி இருக்கும் நம் வீட்டில் 80 வருவது கோளாறு இல்லை. இரவில் ஏர்கான் போட்டதும் எண் இறங்கினால் விசிறி சரியாகிவிட்டதென்றும் அர்த்தமில்லை.

அம்மா சொன்ன அன்று ஸ்கிரிப்டைத் திருத்தி ஓட்டியபோது வந்த முதல் வரி 96. ஷெல்டர் சுவரைக் குடைந்து காற்றுவழி வைக்கக் கூடாது. அதனால் பெட்டியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, ஜன்னல் பக்கம் காலணி அலமாரி மேல் வைத்து, விசிறியில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். அதே வீடியோ வேலைக்கு இப்போது மத்தியானத்தில் 78, 79-இல் நிற்கிறது.