ஏழு நாளில் இலங்கை முழுக்கச் சுற்ற முடியுமா? பாதியை விட்டுவிட்டால் முடியும்

தர்மபுரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வயதான அம்மா அப்பா, இரண்டு பிள்ளைகளோடு ஏழு நாள் இலங்கை போகிறோம், சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று எட்டு இடத்தையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. நானும் பாலக்கோட்டுக்காரன்தான், விதைக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் அம்மா, மனைவி, பையன் என்று நாலு பேராகப் போய் வந்தோம். போவதற்கு முன் நானும் உங்களைப் போலவே எட்டு இடம் எழுதி வைத்திருந்தேன். பார்த்தது நாலு.

வரைபடத்தைப் பார்த்தால் சின்னத் தீவு மாதிரிதான் இருக்கிறது. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. ஆனால் அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். நம் ஊரில் பெங்களூர் 130 கிலோமீட்டர் என்றால் பைபாஸில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், தொப்பூர் பக்கம் போனால்தான் தகராறு. அங்கே மலைப்பக்கம் அதே தூரத்துக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருவழிச் சாலை, வழியெல்லாம் ஊர், ஒவ்வொரு வளைவிலும் ஒரு பஸ். எந்த இடத்தையும் மணிக்கணக்கில் அளந்தால் உங்கள் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஆகவே ஒரு கோடு பிடியுங்கள். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். விமான நிலையம் கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி. கொழும்புக்குள் போகவே போகாதீர்கள். விமான நிலையத்திலிருந்து நேரே தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, பிறகு கீழே கண்டி, அப்புறம் மலை. அவ்வளவுதான். காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் இந்தத் தடவை வேண்டாம்.

சிகிரியாவுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். கிட்டத்தட்ட 1,200 படி. ராயக்கோட்டைக் கோட்டை ஏறிப் பழகியவர்களுக்குக் கால் வலி பெரிதில்லை, ஆனால் நடுவில் பாறையில் ஒட்ட வைத்த மாதிரி இரும்புப் படிகள் வரும், காற்று அடிக்கும், கீழே பார்த்தால் வயிற்றைப் பிசையும். அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழே செங்கல் தொட்டிகளும் வாய்க்கால்களுமாக இருக்கிற நீர்த்தோட்டத்தில் மரநிழலில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் அம்மா அப்பாவையும் அங்கேயே உட்கார வையுங்கள், நஷ்டமில்லை. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக்காரர்களுக்கு டாலர் கணக்கில் எகிறும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு. அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

ஏறும்போது பையனுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனேன். தாதுசேனன் என்ற அரசன் கலாவெவ என்ற பெரிய ஏரியை வெட்டினவன். மகன் காசியப்பன் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு, புதையல் எங்கே என்று கேட்கிறான். அப்பன் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டி, இதுதான் என் சொத்து என்கிறான். மகன் அவனைக் கொன்றுவிட்டு, தம்பி திரும்பி வருவானே என்ற பயத்தில் இந்தப் பாறை உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டு 477 முதல் 495 வரை ஆண்டான். பையன் கேட்ட ஒரே கேள்வி, “அந்த ஏரி இன்னும் இருக்குதாப்பா?” இருக்கிறது, பாசனமும் நடக்கிறது.

பொலன்னறுவையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு முழு நாளை அதற்குக் கொடுங்கள். கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த, 14 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்தப் புத்தரின் தலையணை கல்தான். ஆனால் தலை வைத்த இடத்தில் லேசாக அமுங்கியிருக்கிற மாதிரி செதுக்கியிருக்கிறான். என் மனைவி அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “இலவம்பஞ்சு மாதிரியே இருக்குதுங்க” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அங்கேயே கொஞ்சம் தள்ளி, கும்பல் இல்லாத மூலையில், சின்னதாக ஒரு கற்கோயில் இருக்கிறது. பலகையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று எண் போட்டிருப்பார்கள். அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். ராஜராஜன் காலத்தில் பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் சோழர்களுக்குத் தலைநகரானது; 1017இல் ராஜேந்திரன் தீவை முழுக்கப் பிடித்தான். ராஜேந்திரனின் அம்மா பெயரில் எழுந்த கோயில் அது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. நம்மூர் நடுகல்லில் இருக்கிற எழுத்தையும்தான் படிக்கத் தெரியாது. ஆனாலும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், விளக்கில்லாத அந்த லிங்கத்தின் முன் கற்பூரம் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

அப்புறம் பராக்கிரம சமுத்திரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பெரிதாக்கிய ஏரி. பெய்கிற மழையில் ஒரு சொட்டும் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்பது அவன் கொள்கையாம். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியவில்லை. ஏரி நிறைந்த வருஷத்தை விரல் விட்டு எண்ணுகிற ஊர்க்காரனான எனக்கு சிகிரியாவைவிட இது பெரிய அதிசயம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சோறு, நாலைந்து கறி, தேங்காய்ச் சம்பல், இடியாப்பத்துக்குச் சொதி. தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கல்தான். இரண்டாம் நாளே அம்மா களி இல்லாமல் முனக ஆரம்பித்தார். சாலையோரக் கடை ஒன்றில் ‘குரக்கன்’ என்று ஏதோ கருப்பாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பிய்த்துப் பார்த்தால் நம்ம கேழ்வரகு! விதைக்கடைக்காரன் எனக்கே பெயர் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும், பிழைத்துக்கொள்வார்கள்.

கண்டியில் ஒரு நாள் போதும். புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. பக்கத்து ஏரியை வெட்டிய கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கன், நாயக்கர் வம்சம், இளவயதுப் பெயர் கண்ணுசாமி. 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தான்; 1832இல் அங்கேயே இறந்தார். சமாதி நமக்குப் பக்கத்தில், வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்பேன், கண்டியில் வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி மலை ரயில். உங்கள் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கண்டியிலிருந்து, நுவரெலியாவுக்கு இறங்குகிற நானுஓயா வரை நாலு மணி நேரம், எல்ல வரை என்றால் ஆறேழு மணி நேரம். ஊட்டி ரயில் போல குட்டி ரயில் இல்லை, நம் மொரப்பூரில் நிற்கிற ரயிலுக்கு இருக்கிற அதே அகலப் பாதை, அது மலையேறுகிறது. பட்டிப்பொல என்ற நிலையம் 1,890 மீட்டருக்கும் மேலே. தெமோதர என்ற நிலையத்தருகே பாதை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. எல்லவுக்குப் பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் முடித்தது. இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்தே கட்டினார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையை மூடுவது உண்டு, ரயில் ஓடுகிறதா என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இருக்கை முன்பதிவை மட்டும் முதலிலேயே செய்யுங்கள். நாங்கள் ஒரு ஏஜெண்டை நம்பி இருந்துவிட்டோம். முந்தைய நாள் ராத்திரி, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சாவகாசமாகச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போனோம். அம்மா பையின் மேல் உட்கார்ந்திருந்தார். நாவலப்பிட்டி தாண்டியதும் ஒரு அம்மா மடியில் இருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, “இங்க ஒண்டிக்கங்க அக்கா” என்று இடம் விட்டார். வயது அறுபது இருக்கும். தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவராம்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். கண்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அதில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். பால் இல்லாத டீ குடிப்பார். சர்க்கரையை டீயில் போடமாட்டார். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. எங்களுக்கு அது வேடிக்கை, நாங்களும் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். சாயத்தண்ணி என்பார் அதை.

ரயிலில் அந்த அம்மா எங்கள் ஊரைக் கேட்டார். தர்மபுரி என்றேன். தெரியவில்லை. பாலக்கோடு, தெரியவில்லை. கிருஷ்ணகிரி, அதுவும் தெரியவில்லை. “சேலம் பக்கம்” என்றார் என் அம்மா. அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து, “நாங்களும் சேலம் ஜில்லாதான்” என்றார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பஞ்சத்தில் கிளம்பி வந்தவராம். எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, சேலம் ஜில்லா, அவ்வளவுதான். தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்ததே 1965இல், தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். அவர் முன்னோர் வந்தபோது நம் ஊரெல்லாம் சேலம் ஜில்லாதானே. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான், ஆள் பிடிக்க வந்த கங்காணிகள் கூட்டிவந்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார். பாட்டி சொல்லக் கேட்டதாம்.

நானுஓயாவுக்கு முன்பே அவர் இறங்கிவிட்டார். இறங்குமுன் அம்மா பையைத் துழாவி, ஊரிலிருந்து கட்டிவந்த கடலை உருண்டைப் பொட்டலத்தை அவர் மூட்டைக்குள் திணித்தார். ஜன்னலுக்கு வெளியே சரிவெல்லாம் வெட்டிவிட்ட மாதிரி பச்சை, நடுநடுவே தகரக் கூரை போட்ட லயன் வீடுகள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதுவரை செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன், கையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நுவரெலியாவில் ஸ்வெட்டர் வேண்டும், மற்றபடி ஏரியும் பூங்காவும்தான், ஊட்டி பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. எல்லவில் ஒரு ராத்திரி தங்குங்கள். நாங்கள் செய்த பெரிய தப்பு, எல்லவிலிருந்து கிளம்பிய அன்றே விமானம் பிடிக்கப் பார்த்தது. மலையில் இறங்கவே பாதி நாள் போயிற்று; கவுன்டர் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடினோம். கடைசி ராத்திரி நீர்கொழும்பில் தங்குங்கள், விமான நிலையம் பக்கத்திலேயே.

தேதியைப் பற்றி: ஏப்ரல் 13, 14 வேண்டாம். அங்கே சித்திரைப் புத்தாண்டு, சிங்களவருக்கும் அதுதான், கடையெல்லாம் அடைப்பு, ரயிலில் காலடி வைக்க இடம் கிடைக்காது. பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மே பாதிக்கு மேல் போனால் மேற்குப் பக்கமும் மலையும் மழை.

யாழ்ப்பாணத்துக்குத் தனியாகப் போகலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்று 2024இல் மறுபடி தொடங்கியது. கிளம்புமுன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நானும் மாம்பழ சீசனாகப் பார்த்துத்தான் போகலாம் என்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கறுத்தக்கொழும்பானுக்கு மிஞ்சியது இல்லை என்கிறார்கள். கிருஷ்ணகிரி மல்கோவா நாலு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து அறுத்துப் பார்க்க ஆசைதான், சுங்கத்தில் விடமாட்டார்கள்.