கடல் காற்றில் ஆடும் சாரம்: பெல்ட் போதுமா?

கேள்வி: திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மூன்று மாடி வீடு. பெயிண்ட் அடிக்கச் சவுக்குச் சாரம் கட்டி, தெருவில் சொட்டாமலிருக்கத் தார்ப்பாயும் கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் சாரமே ஆடுகிறது. "பெல்ட் போட்டிருக்கோம், ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஆட்களை இறக்குங்கள். சாரத்தை ஆட்டுவது அந்தத் தார்ப்பாய்தான். வெறும் கட்டைக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும், பாய் கட்டினால் அவ்வளவையும் சாரமே வாங்கிக்கொள்ளும். பத்துக்கு இருபதடி பாயை மணிக்கு 20 கி.மீ. காற்று ஏறக்குறைய 35 கிலோ எடைக்குத் தள்ளும். வேகம் 40 ஆனால் அது 80 இல்லை, 140 கிலோ. ஆனால் அடிக்கிற காற்றில் அவிழ்க்கப் போகாதீர்கள், ஒரு முனை விட்டால் ஆளையே இழுத்துவிடும். காலையில் காற்று அடங்கியதும் அவிழ்க்கட்டும். பெயிண்ட் சொட்டுமே என்றால் கீழே நிற்கிற வண்டிகளை மூடிக்கொள்ளலாம்.

அப்புறம் பெல்ட். கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சாரக் கட்டையில்தான் மாட்டியிருப்பார்கள். சாரம் சாய்ந்தால் ஆளும் சேர்ந்துதான் விழுவார். மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூணில் தனிக் கயிறு கட்டி, அதில் மாட்ட வேண்டும். கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், ஜன்னல் கம்பி எதுவும் ஆகாது. சாரத்தையும் ஒவ்வொரு மாடியிலும் கட்டடத்தோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், சுவரில் சாய்த்து வைத்தால் போதாது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கயிறு தளர்ந்திருக்கும், ஏறுவதற்கு முன் முடிச்சு முடிச்சாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். கடல் பக்கம் கிழக்கு, காலையில் வெயில் முகத்தில் அடிக்கும் என்று அந்தச் சுவரை மதிய நிழலுக்குத் தள்ளிவைப்பது பெயிண்டர்கள் வழக்கம். கோடையில் கடல் காற்று ஏறுவதும் அதே நேரத்தில்தான். ஆறு மணிக்கே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கட்டும், மதியம் உள்வேலை பார்க்கலாம்.

எப்போது நிறுத்துவது? 40 கி.மீ.யைத் தொட்டால் ஆளை இறக்கிவிடுவது நல்லது. மீட்டர் வேண்டாம்: மரத்தின் பெரிய கிளைகள் ஆடினால், குடை பிடிக்க முடியாவிட்டால் அந்த வேகம் வந்துவிட்டது. செல்போனில் காட்டுவது சராசரிதான், திடீரென்று வீசுவது அதைவிட அதிகம், கட்டட மூலையில் இன்னும் அதிகம். புயல் எச்சரிக்கை வந்தால் சாரப் பலகைகளையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், பறந்து போய் ஈபி ஒயரில் விழும்.