ஆசிரியர்கள் ஏன் நிற்பதில்லை? ஒரு முன்னாள் தலைமையாசிரியையிடம் கேள்விகள்

மேடம், எங்கள் பள்ளியில் யாருமே நிலைப்பதில்லை. சம்பளம்தானே காரணம்?

சம்பளம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே சம்பளம் தரும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் மட்டும் ஆள் நிற்பதில்லையே, அது ஏன்? நான் பொறுப்பேற்ற புதிதில் பதிலி வகுப்பு நோட்டைப் புரட்டினேன். ஒருவர் லீவு போட்டால் அந்த பீரியடுக்கு யார் போனார்கள் என்று எழுதும் நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் அதே மூன்று கையெழுத்து. மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். அடங்காத வகுப்புகளும் அவர்களுக்கே. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் தலையில்தான் எல்லாம் விழும். அந்த வருடக் கடைசியில் இருவர் கிளம்பிவிட்டார்கள். தலைமையாசிரியர்களே, முதலில் அந்த நோட்டைப் பாருங்கள்.

புது ஆட்களை நிறைய எடுத்தால் தீராதா?

தீராது. 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. அதில் பாதிக்கு மேல், விட்டுப் போகிறவர்களின் இடத்தை நிரப்பத்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் வேலையை விடுகிறவர்கள் 2015இல் 4.6 சதவீதம், 2022இல் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

பணிமாறுதல் விதி பற்றி…

அது என் துறை இல்லை. உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.

வேலையைப் பிரித்தால் சீனியர்கள் கோபப்படுவார்களே?

கோபப்பட்டார்கள். "இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு அந்த வகுப்பா?" என்று ஒருவர் என் மேஜை முன்னால் நின்றார். அந்த வகுப்புக்குத்தான் உங்கள் அனுபவம் வேண்டும் என்றேன். சும்மா சொல்லி அனுப்பவில்லை. அவர் பார்த்துவந்த தேர்வு வேலையை எடுத்துவிட்டேன். அடுத்த வாரமே அந்த வகுப்புக்குப் போனார்.

அப்படியென்றால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? எல்லாருக்கும் ஒரே அளவு என்பது அநியாயம்.

ஒரே அளவு என்று நான் சொல்லவே இல்லை. முதல் வருட ஆசிரியருக்கு பீரியட் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கைக்குழந்தை இருப்பவருக்கு முதல் பீரியட் போடாதீர்கள். யாருக்கு எது, ஏன் என்பதை ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ரகசியமாகத் தரும் சலுகைதான் மற்றவர்களை விரட்டுகிறது.

சம்பளத்தை ஏற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் அதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள். அந்த நோட்டையும் பாருங்கள்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு ஃப்ரீ பீரியடும் மிஞ்சுவதில்லை. விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள், அம்மா. இந்த மாதம் போன பதிலி வகுப்புகளைத் தேதியோடு எழுதி தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். பார்த்த பிறகும் மாறவில்லை என்றால் வேறு பள்ளி தேடுங்கள். இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.