நீச்சல்குள வடிகட்டியில் ஓயாத கசிவு: கேள்வி-பதில்

கே: எங்கள் அடுக்ககக் குளத்தின் மணல் வடிகட்டியில், கழிவுக் குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. நீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் ரப்பரை) மூன்று முறை மாற்றிவிட்டோம். சில வாரங்களில் பழையபடி ஒழுகுகிறது. (சங்கச் செயலாளர், கோவை)

ப: வால்வின் கைப்பிடியைத் திருப்புபவர் பம்பை நிறுத்துகிறாரா என்று முதலில் பாருங்கள். பம்ப் ஓடும்போதே ஃபில்டர் நிலையிலிருந்து பேக்வாஷுக்கு (மணலைக் கழுவ நீரை எதிர்த்திசையில் ஓட்டும் நிலைக்கு) திருப்பினால், தண்ணீரின் அழுத்தம் உள்ளேயிருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட்டை அது பதிந்திருக்கும் காடியிலிருந்து பிடுங்கிவிடும். அந்தப் பழக்கம் மாறாதவரை எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் வீண்செலவுதான். பம்பை நிறுத்திய பிறகும் கசிந்தால், மூடியைக் கழற்றச் சொல்லி விரலால் தடவிப் பாருங்கள். காடியில் மணல் துகளோ பழைய பசையோ ஒட்டியிருந்தால் புது ரப்பர் சரியாக உட்காராது. கைப்பிடியோடு சுழலும் ரோட்டரின் அடிப்பக்கத்தில் ஆழமான கீறல் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியது ரோட்டரை.

கே: ஓ-ரிங்குக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு) வாசலின் தடவலாமா?

ப: கூடாது. பல வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள்.

கே: பம்ப் குழாயின் யூனியனில் (கழற்றி மாட்டும் இணைப்பில்) கசிவு. பிளம்பர் வரும்போதெல்லாம் டெஃப்ளான் டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றி, ரென்ச்சால் இறுக்குகிறார்.

ப: யூனியனில் தண்ணீரைத் தடுப்பது உள்ளேயிருக்கும் ஓ-ரிங். மரைக்கு அங்கே டேப் தேவையே இல்லை. பிளாஸ்டிக்கை ரென்ச்சால் முறுக்கினால் விரிசல் விடும். கையால் இறுக்கினால் போதும். ஓ-ரிங்கை அளவு பார்த்து வாங்குங்கள். அளவே அச்சிடாத மலிவுப் பாக்கெட் ஒன்றை நான் வாங்கினேன். ஒரே கோடையில் எல்லாம் விறைத்து வெடித்தன. கடைக்காரர் மாற்றித் தரவில்லை.

கே: பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்ணீர் சொட்டியது. வந்தவர் வெளியே எப்பாக்ஸி பூசி 12,000 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி உங்களுக்கு மிச்சம்" என்றார். இரண்டு வாரத்தில் மறுபடி கசிவு. இப்போது போனை எடுப்பதில்லை. (கிழக்குக் கடற்கரைச் சாலை)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார். அந்த இடத்தில் சொட்டினால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது சுழலும் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். வெளியே எதைப் பூசினாலும் அது சரியாகாது. தாமதித்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் மோட்டாரே வீணாகும்.

பில் விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. 18 சதவீத வரி என்றால் 2,160 ரூபாய். அதை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, செய்த வேலைக்கான சாட்சியையே உங்கள் கையிலிருந்து பறித்துவிடுகிறார்கள். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அவருடன் பரிமாறிய செய்திகள், எப்பாக்ஸி பூசிய இடத்தின் படம் எல்லாம் ஆதாரம்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இனி வேலைக்கு வருபவரிடம், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கே: வடிகட்டித் தொட்டியில் மெல்லிய விரிசல். வாரன்டி அட்டை தொலைந்துவிட்டது. எந்த ஆண்டு வாங்கினோம் என்றும் நினைவில்லை. எந்தப் பசை நல்லது?

ப: எந்தப் பசையும் வேண்டாம். அழுத்தத்தில் இயங்கும் தொட்டி அது. வெடித்தால் ஆளைக் காயப்படுத்தும். பம்பை இப்போதே நிறுத்துங்கள். இவ்வளவு விலையுள்ள பொருளின் காகிதங்களை ஓர் உறையில் போட்டு வைக்கக்கூடவா முடியவில்லை? பணம் செலுத்திய பதிவைத் தேடுங்கள். கடையிலும் நகல் கேளுங்கள்.

கே: பம்ப் அறை காய்ந்திருக்கிறது. ஆனாலும் குளத்தில் நீர்மட்டம் தினமும் இறங்குகிறது.

ப: ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படிக்கட்டில் வையுங்கள். வாளியின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்த தண்ணீர். குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. பம்ப் ஓடும் நாளிலும் ஓடாத நாளிலும் தனித்தனியே பாருங்கள். ஓடும்போது அதிகம் இறங்கினால், குளத்துக்குத் திரும்பும் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் யாரையும் தரையை உடைக்க விடாதீர்கள்.