NBA கூடைப்பந்தில், அடிக்கடி காயப்படும் சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவரை) ட்ரேடில், அதாவது நம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவர் களமிறங்காமலே போனால் அணியில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் பாருங்கள்.

2012 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா அணி ஆண்ட்ரூ பைனம் என்ற சென்டரை வாங்கியது. முந்தைய சீசனில் லேக்கர்ஸ் அணிக்கு 60 ஆட்டம் ஆடி, சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். முழங்கால் தொல்லையோ பழசு. எல்லோரும் அந்த 60-ஐத்தான் பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒப்பந்தத்தில் பாக்கி இருந்ததும் அந்த ஒரே வருடம்தான். பதிலுக்குப் போனவர்கள் இகுவோடாலா, ஹார்க்லெஸ், நிகோலா வூச்செவிச். கூடவே ஒரு முதல் சுற்று பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). எனக்கு இன்னும் ஆறாதது வூச்செவிச்தான். ஒரே சீசன் ஆடியிருந்த இளம் சென்டர், பின்னாளில் ஆர்லாண்டோவில் இரண்டு முறை ஆல்-ஸ்டார். காப்பாக இருந்திருக்க வேண்டியவரையே விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

2023-ல் பாஸ்டன், இதேபோல் அடிக்கடி காயப்படும் சென்டரான போர்ஸிங்கிஸை வாங்கியபோது, மார்கஸ் ஸ்மார்ட்டை இழந்தாலும் தன்னிடம் இருந்த இன்னொரு சென்டர் ஆல் ஹார்ஃபர்டை விடவில்லை. 2024 ப்ளேஆஃபில் போர்ஸிங்கிஸ் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார், கோப்பை வந்தது.

காயம் எங்கே என்பதும் முக்கியம். விரல் முறிந்தால் கூடிவிடும். ஏழடி உடம்பைத் தாங்கும் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால், எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற கணக்கை நம்பாதீர்கள். ஸ்கேனை உங்கள் டாக்டரே பார்க்கட்டும்.